"அடைப்பைத்தான் எடுத்துட்டாங்களே சார்!"

போன வாரம் ஓபியில் ஒரு அண்ணன். வயது 51. மளிகைக் கடை வைத்திருக்கிறார். பைபாஸ் ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. வெறும் வயிற்றில் சர்க்கரை 210. பிபி 150/96. கொழுப்பு மாத்திரையை அவராகவே நிறுத்தி ரெண்டு மாசம்.

"ஏண்ணே நிறுத்துனீங்க?"

"அடைப்பைத்தான் எடுத்துட்டாங்களே சார், அப்புறம் எதுக்கு?"

மக்களே, பைபாஸில் அடைப்பை யாரும் எடுப்பதில்லை. அது அங்கேயேதான் இருக்கும். நெஞ்சுக்கூட்டின் உட்புறம் ஓடும் ரத்தக்குழாயையும், காலில் இருந்து எடுத்த ரத்தக்குழாயையும் வைத்து அடைப்பைத் தாண்டி மாற்றுப்பாதை போடுகிறார்கள். அவ்வளவுதான். பேரே பைபாஸ்!

அந்தப் புதுப் பாதையிலும் ஓடப்போவது அதே ரத்தம். அதே சர்க்கரை, அதே கொழுப்பு, அதே அழுத்தம். அதிலும் காலில் எடுத்த குழாய் இவ்வளவு அழுத்தத்துக்குப் பழக்கப்பட்டதே இல்லை. நெஞ்சில் இருந்து எடுத்ததை விட சீக்கிரம் அடைபடுவது அதுதான்.

அவர் இடுப்பை டேப் வைத்து அளந்தேன். 104 செ.மீ. நம் ஆண்களுக்கு 90க்குள், பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும். இடுப்பு அதிகம், பிபி 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்று சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் மெட்டபாலிக் சிண்ட்ரோம். அண்ணனுக்கு ஐந்தும் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடியும் இருந்திருக்கும்.

வீட்டில் என்ன நடக்குதுன்னு அக்காகிட்ட கேட்டேன். "ஆபரேஷன் பண்ண உடம்பு சார், அசையவே விடறதில்ல" என்றார். காலையில் ஆப்பிள் ஜூஸ், பதினோரு மணிக்கு சத்துமாவுக் கஞ்சி நாட்டுச்சர்க்கரை போட்டு, மதியம் குழைந்த சோறு, நடுவில் ரஸ்க். அத்தனையும் பாசம். அத்தனையும் மாவும் சர்க்கரையும்.

அக்காவைத் திட்ட எனக்கு மனசு வரல. தப்பு எங்க பக்கம்தான் அதிகம். லட்சக்கணக்கில் செலவாகும் ஆபரேஷனை முதல்வர் காப்பீட்டில் இலவசமாகச் செய்கிறோம். டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஆங்கிலத்தில் ஒரு சம்மரியைக் கையில் கொடுத்து, "மாத்திரை கரெக்டா போடுங்க"ன்னு ரெண்டு நிமிஷத்தில் அனுப்பிவிடுகிறோம். சமைக்கிறவரை உட்கார வைத்து அரைமணி நேரம் பேசாமல் எந்த பைபாஸ் நோயாளியையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது என் கருத்து. கூட்டம், ஆள் பற்றாக்குறை எல்லாம் தெரியும். நானும் அதே ஓபியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்டிய நெஞ்செலும்பு சேர ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரை குடம், சிலிண்டர் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. ஆனால் நடக்கலாம், நடக்கணும். வீட்டுக்குள் ஐந்து நிமிஷத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டி அரைமணி நேரத்துக்குக் கொண்டு வரலாம். நடக்கும்போது நெஞ்சு வலியோ மூச்சு வாங்கலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. காயத்தில் சீழ், காய்ச்சல், நெஞ்செலும்பில் "கடக்" சத்தம் வந்தாலும் அப்படியே.

ராத்திரி தூக்கம் வராமல் காரணமே இல்லாமல் அழுகை வருதா? நிறைய பேருக்கு வரும். வெட்கப்படாமல் சொல்லுங்க, அதுக்கும் வைத்தியம் உண்டு.

ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் பெரும்பாலானவர்களுக்கு ஆயுளுக்கும்தான். ரிப்போர்ட் நார்மல்னு வந்தால் மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீங்களா நிறுத்தாதீங்க.

அக்கா கிளம்பும்போது கேட்டார்: "அப்போ ஜூஸுக்குப் பதிலா என்ன சார் கொடுக்கறது?"

"முட்டை, சுண்டல், மீன் குழம்பு. சோறு ஒரு கரண்டி, காய் மூணு கரண்டி."

அண்ணன் முகம் வாடிப்போச்சு. அக்கா சிரிச்சிட்டாங்க. அடுத்த மாசம் டேப்போட வரச் சொல்லியிருக்கேன்.