பதுக்குச் சேமிப்பும் பாடசாலைக் கணினியும்

கற்றற்குரிய கருவிகளுள் கணினியும் ஒன்றாகிவிட்ட இக்காலத்தில், தமிழாசிரியராகிய யாம் அதனைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். ஆயினும், மாணவர் எழுதிய கட்டுரைகள் அழிந்தமையைக் கண்ட பின் வாளாவிருத்தல் எமக்கு இயலாதாயிற்று.

நிகழ்ந்தது இதுவே. கணினிக் கூடத்திலே உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் கட்டுரையைச் சேமிக்க முயன்றபோது, வட்டில் இடமில்லை என்னும் அறிவித்தல் வந்தது. இடம் வேண்டிப் பழைய பயனர் கோப்புறைகள் யாவும் ஒருங்கே நீக்கப்பட்டன. குப்பை அகன்றது, அதனோடு பல மாணவரின் ஆக்கங்களும் அகன்றன.

அக்குப்பை யாது? இணைய உலாவியானது, ஒருமுறை பெற்ற படங்களையும் பக்கங்களையும் மீண்டும் விரைவிற் காட்டும்பொருட்டு வட்டிலே வைத்துக்கொள்கின்றது. இதனைக் கேஷ் என்பர். மறைத்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். ஆதலின் பதுக்குச் சேமிப்பு என யாம் வழங்குவோம். தனியொருவர்க்கு அது நன்மையே. பலர் மாறி மாறி அமரும் கணினியிலோ, ஒவ்வொருவர் பெயரிலும் அது தனித்தனியே பெருகும். ஒருவர் 2 கிகாபைற்று விட்டுச் செல்வரெனக் கொண்டால், 100 மாணவர்க்கு 200 கிகாபைற்றாகும். 256 கிகாபைற்று வட்டில் பின்னர் எஞ்சுவது எவ்வளவு?

பெரிய வட்டு வாங்கினாற் போதும் என்பாரும், நாள்தோறும் அனைத்தையும் அழித்தல் வேண்டும் என்பாரும் உளர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. முன்னது நோயை ஒத்திப்போடுவதாகும். பின்னது, 40 மாணவர் காலைதோறும் அதே பக்கங்களைப் புதிதாகப் பெறச்செய்து இணைய இணைப்பை நெருக்கும்.

செய்யத்தக்கது பிரித்து வைத்தலே. விண்டோஸ் கணினியிலே, செயலிகள் தம் தரவுகளை வைக்கும் கோப்புறையுள் ரோமிங், லோக்கல் என்னும் பகுதிகள் உள. மாணவர் எக்கணினியில் அமரினும் தம் அமைப்பைப் பெறுமாறு ஒழுங்கு செய்திருப்பின், முன்னது சேவையகத்துக்கும் கணினிக்குமிடையே சென்று வரும். பின்னது அவ்வக் கணினியிலேயே தங்கும். பதுக்குச் சேமிப்பு பின்னதில் மட்டுமே இருத்தல் வேண்டும். முன்னதிற் புகுவன உளவாயின், அவற்றைச் சேவையகத்துக்குக் கொண்டுசெல்லாது விலக்குமாறு வலையமைப்பு நிருவாகி விதிக்கலாம். குரோம் உலாவிக்கு அளவு குறிக்கலாம். 30 நாள் பயன்படாத கணக்கின் படியைக் கணினியினின்றும் தானே நீங்கச் செய்யலாம். இவை யாவற்றுக்கும் முன்னர், மாணவரின் ஆவணங்கள் சேவையகத்தில் வைக்கப்பட்டு, அவற்றின் படியொன்று பிறிதோரிடத்திலும் பேணப்படல் வேண்டும்.

பழைய மாணவர்காள்! விழாக் காலங்களில் கணினிகளை நீங்கள் மனமுவந்து நல்குகின்றீர்கள், நன்றியுடையோம். உங்களுள் இத்துறை வல்லார் தவணைக்கொருமுறை வந்து இவ்வொழுங்கைச் சரிபார்த்து உதவுவாராயின், அஃது இன்னுமொரு வட்டினும் பெரிய கொடையாகும். உலாவி இழந்ததை இணையத்தினின்றும் மீளப் பெறலாம். அன்று அம்மாணவர் இழந்த கட்டுரைகளை எவ்விடத்தினின்றும் எம்மால் மீட்டுத்தர இயலவில்லை.