‘அனுப்பிட்டோம்’னு சொன்னா போதுமா?



இன்டர்வியூ கடிதம் வரவில்லையே என்று ஒரு கம்பெனிக்குப் போன் போட்டுப் பாருங்கள். “மெயில் அனுப்பிட்டோமே தம்பி, வரலையா?” என்பார்கள். “வரலையே சார்” என்றால், “ஸ்பாம்ல பாருங்க” என்று வைத்துவிடுவார்கள். அவர்களும் பொய் சொல்லவில்லை, நாமும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் கடிதம் எங்கே? உண்மை தெரிந்த சாட்சி ஒன்று நடுவில் நிற்கிறது. அதுதான் மெயில் சர்வர். அந்தச் சாட்சியை விசாரிக்க நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மெயில் சர்வர் தன் வழியாகப் போகும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ‘லாக்’ எழுதுகிறது. எத்தனை மணிக்கு வந்தது, யார் அனுப்பியது, யாருக்கு, கடைசியில் என்ன ஆனது, எல்லாம் வரி வரியாக இருக்கும். 1980-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சென்ட்மெயில் சர்வரை எழுதிய எரிக் ஆல்மன், அதற்காகவே ‘சிஸ்லாக்’ என்ற முறையையும் உருவாக்கினார். பின்னால் மற்ற புரோகிராம்களும் அதையே எடுத்துக்கொண்டன. ஆக, அந்த முறைக்கு வேரே மெயில் சர்வர்தான்!

சரி, லினக்ஸில் இந்த லாக் எங்கே இருக்கிறது? ‘வார்’ டைரக்டரிக்குள் ‘லாக்’. டெபியன், உபுண்டு என்றால் அதற்குள் ‘மெயில்.லாக்’. 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் நம் அண்ணன், அக்காமார் வாங்கினார்களே, அதில் விண்டோசோடு வந்த பாஸ் லினக்சும் டெபியன் வழி வந்ததுதான். ரெட்ஹேட் குடும்பத்தில் பெயர் ‘மெயில்லாக்’, நடுவில் புள்ளி கிடையாது. 2023-ல் வந்த டெபியன் 12 முதல், தானாக இந்தக் கோப்பு உருவாவதில்லை. “ஃபைலே இல்லடா” என்று கையை விரிக்க வேண்டாம். ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையைக் கொடுத்து, அதன் விடையை ‘கிரெப்’பில் விட்டு, சர்வரின் பெயரான ‘போஸ்ட்ஃபிக்ஸ்’ என்று தேடினால் வரிகள் கொட்டும்.

படிப்பதும் கஷ்டமில்லை. ‘டெயில்’ கட்டளையோடு ‘எஃப்’ சேர்த்தால், புது வரிகள் வர வர ஓடும். நமக்கு வேண்டிய முகவரியை ‘கிரெப்’பில் தேடினால், அந்தக் கடிதத்துக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் கொடுத்த வரிசை அடையாளம் கிடைக்கும். அதை வைத்து மறுபடி தேடினால் முழுக் கதையும் வந்துவிடும். ‘சென்ட்’ என்றால் அடுத்த சர்வர் வாங்கிக்கொண்டது. நம் இன்பாக்ஸில் விழுந்தது என்று அர்த்தமில்லை! அதற்குமேல் அந்த சர்வரின் லாக்கைத்தான் கேட்க வேண்டும். ‘டிஃபெர்டு’ என்றால் இப்போது முடியவில்லை, மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸை மாற்றாமல் விட்டால் ஐந்து நாள்வரை விடாது. ‘பவுன்ஸ்டு’ என்றால் திருப்பி அனுப்பிவிட்டது. முகவரியில் ஒரு எழுத்து தப்பினாலே போதும், 550 என்ற எண்ணோடு திரும்பும்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கம்மா ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வருகிறவர். பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. வேலைக்குப் போன நாளெல்லாம் காலண்டரில் கோடு போட்டு வைப்பார். கூலி கொடுக்கும்போது “அஞ்சு நாள்தானே வந்தே?” என்று கேட்டால், எந்தெந்தக் கிழமை என்று ஆறு நாளையும் சொல்லிவிடுவார். சிபாரிசு இருக்கிறவனுக்குச் சாட்சி தேவைப்படாது. சிபாரிசு இல்லாதவனுக்கு எழுதி வைத்த கணக்குதான் துணை. நம் வீட்டில் பலருக்கு நாம்தானே முதல் படிப்பு? நமக்கு இந்தக் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டாமா?

எழுதுவது மட்டும் போதாது, வைத்திருக்கவும் வேண்டும். மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் லாக்குகளை 180 நாள் பத்திரப்படுத்த வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டது. ஆனால் டெபியனில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், மெயில் லாக்கை வாரம் ஒரு முறை மடித்து, நாலு வாரப் பழசை மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்துச் சாட்சி கேட்டால் சாட்சியே இருக்காது! இது தெரிந்த ஒரு ஆள் ஒவ்வொரு ஆபீசிலும் வேண்டும். அந்த ஆள் ஏன் ஒரு டிப்ளமோக்காரராக இருக்கக் கூடாது?

“இப்ப எல்லாம் கிளவுடுக்குப் போயிருச்சுப்பா, இனி எதுக்கு இது?” என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். கிளவுடு என்பதும் எங்கோ ஓடுகிற சர்வர்தானே! அங்கேயும் ஒருவர் உட்கார்ந்து லாக் பார்க்கிறார். மெயில் சேவை நடத்தும் ஸோஹோ நிறுவனம் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலேயே ஆபீஸ் வைத்திருக்கிறது. கிராமம் என்பது தடையல்ல நண்பர்களே!

ஒன்றை மறக்கக் கூடாது. லாக்கில் கடிதத்தின் உள்ளடக்கம் இருக்காது, ஆனால் யார் யாருக்கு எழுதினார்கள் என்பது இருக்கும். அதனால்தான் ‘ரூட்’டுக்கும் ‘ஏடிஎம்’ குழுவுக்கும் மட்டும் டெபியன் அனுமதி தருகிறது. வேலைக்காகப் பார்க்கலாம், வேடிக்கைக்குப் பார்க்கக் கூடாது.

நம் கோரிக்கை பெரிதல்ல. கமாண்டை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு நிற்க வேண்டாம். லேபில் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் லினக்ஸும் போஸ்ட்ஃபிக்ஸும் போட்டுக் கொடுங்கள். இரண்டும் இலவசம். லேபுக்குள்ளேயே கடிதம் அனுப்ப இன்டர்நெட்டும் தேவையில்லை. வாரம் இரண்டு பேர் முறை வைத்து அதைப் பார்த்துக்கொள்கிறோம். வேண்டுமென்றே முகவரியைத் தப்பாக அடித்து, அது ஏன் திரும்பியது என்று நாங்களே கண்டுபிடிக்கிறோம்.

அடுத்த முறை யாராவது “அனுப்பிட்டோம்” என்றால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். “லாக்ல என்ன இருக்குங்க சார்?” என்று பணிவாக, ஆனால் தைரியமாகக் கேளுங்கள்!