மறைதலும் மடிதலும்

குருதிப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தென்படவில்லையாயின் நோய் நீங்கிவிட்டதென்று முடிவு கட்டுவோர் இன்றும் உளர். தென்படாமை வேறு, இல்லாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிய பிழைக்கு ஒரு வரலாறு உண்டு.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவத் தொடங்கியபோது, சில மாதங்களிலேயே குருதியில் வைரசு அளவிட முடியாத மட்டத்துக்குத் தாழ்ந்தது. வைரசின் பெருக்கத்தை முற்றாகத் தடுத்தால் 2.3 முதல் 3.1 ஆண்டுகளில் அதனை அகற்றலாமென 1997இல் பெரெல்சன், டேவிட் ஹோ குழுவினர் கணித்தனர். கண்டறியப்படாத மறைவிடங்கள் இருப்பின் இக்காலம் நீளக்கூடும் என்ற எச்சரிக்கையையும் அவர்களே சேர்த்திருந்தனர். கணக்கைப் பறைசாற்றியோர் எச்சரிக்கையைக் கைவிட்டனர். நிபந்தனையுடன் கூடிய எண் தலைப்புச் செய்தியாவதில்லை போலும்!

அவ்வாண்டு முடியுமுன்னரே மறைவிடம் வெளிப்பட்டது. றொபேட் சிலிசியானோவின் ஆய்வுகூடம் உட்பட மூன்று குழுக்கள், சிகிச்சை பெற்றுவந்தோரின் ஓய்வுநிலைச் சி.டி.4 கலங்களிலிருந்து உயிர்ப்புள்ள வைரசை வளர்த்தெடுத்தன. இவற்றுட் பெரும்பாலானவை, முன்னர் கண்ட கிருமியை நினைவிற் கொள்வதற்கென்றே உடல் நெடுங்காலம் பேணும் வெண்குருதிக் கலங்கள். அவற்றின் டி.என்.ஏ.யினுள்ளேயே வைரசு தன் பரம்பரைச் செய்தியைப் பொருத்திவிடுகிறது. கலம் ஓய்ந்திருக்கையில் வைரசும் ஓய்ந்திருக்கிறது. நிர்ப்பீடனத் தொகுதி அதனை இனங்காண்பதில்லை. மருந்தோ பெருக்கத்தின் படிகளைத் தடுப்பது. பெருகாத வைரசின்மேல் அதற்கு வேலையில்லை. கலம் பிரிந்து பெருகினால் உள்ளிருப்பதும் உடன் பெருகும். ஏறத்தாழப் பத்து இலட்சம் ஓய்வுக் கலங்களுக்கு ஒன்றே இத்தகையது. எனினும் அத்தொகை பாதியாகக் குறைய 44 மாதங்கள் வேண்டும் எனவும், முற்றாக ஒழிய 60 ஆண்டுகளுக்கு மேலாகும் எனவும் பின்னர் கணிக்கப்பட்டது.

பேர்லினில் திமொதி பிறவுண் மெய்யாகவே குணமடைந்தார். அது இரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த என்பு மச்சை மாற்றத்தின் பயன், மாத்திரையின் பயனன்று. 2010இல் மிசிசிப்பியில் பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 30 மணித்தியாலத்தில் மருந்து தொடங்கப்பட்டது. 2013இல் அது குணமடைந்ததெனப் பத்திரிகைகள் கொண்டாடின. மருந்தின்றி 27 மாதங்கள் கழிந்தபின், 2014இல் வைரசு மீண்டது.

இவ்வுண்மையை உரைப்பது நோயாளரின் ஊக்கத்தைக் கெடுக்குமென்பர் சிலர். எங்ஙனம்? ஒழுங்காக மருந்துண்டு வைரசை அளவிட முடியாத மட்டத்தில் வைத்திருப்பவரிடமிருந்து பாலுறவினால் அது தொற்றுவதில்லை; நெடுநாள் வாழவும் அவரால் இயலும். ‘குணமாகிவிட்டது’ எனும் சொல்லை நம்பி மருந்தை நிறுத்தியவரிடத்தோ, பெரும்பாலும் சில வாரங்களிலேயே வைரசு திரும்புகிறது. அப்போது அவருடைய கவனயீனத்தையும் ஒழுக்கத்தையும் பழிக்க முந்துவோர், அச்சொல்லை அவருக்கு வழங்கியவர்களைக் கேள்வி கேட்பதில்லை.