நாலு ஆறு தாண்டினீர்கள், ஒன்றையாவது பார்த்தீர்களா?

'பாண்டிச்சேரி பார்த்தாச்சு' என்று சொல்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பது என் வழக்கம். அங்கே ஓடுகிற ஆற்றின் பெயர் என்ன?

பெரும்பாலும் பதில் வராது. 'பாண்டியில் ஏது ஸார் ஆறு? கடல்தானே இருக்கு' என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள்.

இருக்கிறது ஸார். பாண்டியிலிருந்து கடலூர் 20 கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தூரத்துக்குள் நாலு ஆறு தாண்டுகிறீர்கள். முருங்கப்பாக்கம் கழிந்ததும் அரியாங்குப்பம் ஆறு. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாறு. இந்த இரண்டும் செஞ்சிப் பக்கமிருந்து வருகிற சங்கராபரணியின் இரண்டு கைகள். முள்ளோடை எல்லை தாண்டி ஆல்பேட்டைக்கு முன்னால் தென்பெண்ணை. கடலூர் ஊருக்குள் நுழைந்தால் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாப்புலியூருக்கும் நடுவே கெடிலம். காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டு போட்டுக்கொண்டு, நாலையும் அரை மணியில் கடந்துவிடுகிறீர்கள். முள்ளோடையில் மட்டும் வண்டி தானாக நிற்கும். எதற்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடியைப் பற்றிச் சண்டை போட இதை எழுதவில்லை. அது உங்கள் காசு, உங்கள் ஈரல். என் சண்டை வேறு. சனி ஞாயிறு பாண்டிக்கு வருகிற கூட்டம் பார்த்துவிட்டுப் போவது ஊரை அல்ல, ஊரின் பெயின்ட்டை. மஞ்சள் சுவர், அதன் மேல் காகிதப்பூ, வாசலில் நீலக் கதவு. அதன் முன்னால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஒரு போட்டோ. அடுத்தவர் முடிக்கும் வரை வரிசையில் காத்திருந்து இன்னொரு போட்டோ. நமக்கு ஃபிரான்ஸ் போக விசா கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தை அந்தச் சுவர் தீர்த்துவைக்கிறது. போகட்டும். ஆனால் அதற்கு 'ஊர் பார்த்தேன்' என்று பெயர் வைக்காதீர்கள்.

அந்தச் சுவரின் வயசாவது தெரியுமா? டூப்ளேயும் ஆனந்தரங்கப் பிள்ளையும் நடந்த ஊர் இது என்று கைடு சொல்லியிருப்பார். அவர்கள் நடந்த வெள்ளைப் பட்டணம் இன்றைக்கு இல்லை. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் பாண்டியைப் பிடித்து, கோட்டையையும் கட்டடங்களையும் தரைமட்டம் ஆக்கினார்கள். 1765-ல் ஊர் ஃபிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பிறகு மறுபடி எழுப்பியதுதான் நீங்கள் போட்டோ எடுக்கிற தெருக்கள்.

ஆங்கிலேயருக்கு ஏன் அவ்வளவு கோபம்? பதில் கடலூரில் இருக்கிறது. அதனால்தான் இந்த இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

கெடிலம் கடலில் சேருகிற தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்று பேச்சு வந்தபோது, பீரங்கியால் சுட்டு, குண்டு விழுகிற தூரம் வரை என்று முடிவானது. ரியல் எஸ்டேட் வரலாற்றில் இப்படி ஓர் அளவை வேறு எங்கும் இருக்காது. குண்டு எல்லைக்குள் வந்த கிராமங்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். குண்டு உப்பலவாடி என்ற ஊர் இன்னும் இருக்கிறது, அங்கே பஸ் போகிறது. 1746-ல் ஃபிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது கிளைவ் தப்பி ஓடி வந்து சேர்ந்த இடம் இதுதான். 1752 வரை கம்பெனிக்குத் தென்னாட்டுத் தலைநகரமே இதுதான். 1758 ஜூனில் ஃபிரெஞ்சுத் தளபதி லாலி இதைப் பிடித்து இடித்துப்போட்டார். அந்த லாலிதான் இரண்டரை வருஷம் கழித்துப் பாண்டியில் சரணடைந்தார். அவர் இடித்ததற்குப் பதிலாக இவர்கள் இடித்தார்கள். 1766-ல் பாரீஸில் லாலியின் தலையையே வாங்கிவிட்டார்கள்.

இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே கதை. பாதிக் கதைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து டிக்கெட் போட்டாகிறது. மீதிப் பாதி இடிந்த செங்கல் சுவராகக் கெடிலக் கரையில் நிற்கிறது. சில்வர் பீச்சுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள்?

சரி, கோட்டை கொத்தளம் எல்லாம் சண்டைக்காரர்கள் சமாச்சாரம். இதைவிடப் பெரிய விஷயம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் கிடக்கிறது. அரிக்கமேடு. பாண்டி பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1947 முதல் 1950 வரை கஸால். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ஜாடித் துண்டுகள், இத்தாலியச் சிவப்புப் பாத்திரங்கள், உள்ளூரில் பட்டறை போட்டுக் கோத்து அனுப்பிய மணிகள், எல்லாம் கிடைத்தன. ஜாடிகளில் வந்த சரக்குகளில் ஒயினும் ஒன்று. பாண்டிக்குச் சீமைச் சரக்கு தேடி வருகிறவர்கள் கவனிக்க: அது இங்கே இறங்க ஆரம்பித்து 2,000 வருஷம் ஆகிறது.

கப்பல் ஏன் இங்கே வந்தது? ஆறு இருந்ததால். புயலுக்கும் அலைக்கும் ஒதுங்க ஒரு முகத்துவாரம், உள்நாட்டிலிருந்து சரக்கு வர ஒரு வழி. அந்த ஆறு இல்லாவிட்டால் அரிக்கமேடு இல்லை. கெடிலமும் உப்பனாறும் இல்லாவிட்டால் கடலூர்த் துறைமுகம் இல்லை. ஊரைப் பெற்ற தாயைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் மருமகளின் பட்டுப்புடவையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம்.

இன்றைக்கு அரிக்கமேட்டுக்குப் போனால் என்ன தெரியும்? மாமரமும் தென்னையும் தெரியும். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். மண்ணுக்கு மேலே நிற்பது 18-ம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ குருமடத்தின் இடிபாடு, அதைத்தான் பலர் ரோமாபுரிக் கட்டடம் என்று நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கீழடியில் 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள், குடும்பம் குடும்பமாகப் போகிறது ஜனம். சந்தோஷம். 80 வருஷத்துக்கு முன்பே தோண்டிய அரிக்கமேட்டில் அதற்கு நிகராக ஒன்று கிடையாது. கிடைத்ததைப் பார்க்க வேண்டுமானால் பாண்டி அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகளைத் தேடிப் போக வேண்டும்.

'இரண்டு நாள் லீவில் ஜாலியாக வருகிறோம், எங்களை ஹிஸ்டரி க்ளாஸில் உட்கார வைக்கிறீரே' என்பீர்கள். நியாயம். ஆனால் நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் காசு போகிறது. இது க்ளாஸ் இல்லை, கணக்கு. உங்கள் கண் சுவரில் இருந்தால் அரசாங்கம் சுவருக்கு வெள்ளையடிக்கும். ஆற்றில் கண் இல்லையென்றால் ஆற்றை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கேட்க ஆள் இல்லை. செய்தும் ஆயிற்று.

நீங்கள் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிற 'ராக் பீச்' இருக்கிறதே, அதற்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? கடவுள் போட்ட பாறை என்றா நினைத்தீர்கள்? லாரியில் வந்த கல் ஸார் அது. இங்கே மணல் இருந்தது. பிள்ளைகள் விளையாடின மணல். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை வழிமறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஊர்க் கடற்கரை காலியானது. கடல் உள்ளே வராமல் இருக்கக் கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் அரிப்பு நின்றது, அதற்கு வடக்கே ஆரம்பித்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் தமிழ்நாட்டு எல்லையில் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று மீனவர் குப்பங்களாகத் தின்றுகொண்டே போனது கடல். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்டு, கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள். ஆற்றின் வாயில் செய்த தப்பு, ஊரின் முகத்தில் தெரிகிறது. அதற்கு எதிரில் நின்றுதான் நாம் போஸ் கொடுக்கிறோம்.

கடலூர்ப் பக்கம் உப்பனாற்றங்கரையில் 1980-களில் சிப்காட் ரசாயன ஆலைகள் வந்தன. நாற்றத்தையும் கழிவையும் எதிர்த்து அந்தக் கிராமத்து ஜனங்கள் வருஷக்கணக்கில் கத்தினார்கள். அந்தக் கரையில் ஒரு மஞ்சள் சுவரும் நாலு காபி ஷாப்பும் இருந்திருந்தால் டி.வி.காரர்கள் முதல் வாரமே வந்திருப்பார்கள்.

ஆறு நம்மை மறப்பதில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியது. பாண்டியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கரை புரண்டு, கடலூரின் குடியிருப்புகளிலும் பாகூர் பக்கத்துக் கிராமங்களிலும் புகுந்தது. ஆற்றை அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள். டி.வி.யில்.

'சரி, எல்லோரும் ஆற்றங்கரைக்கு வந்தால் அங்கேயும் பிளாஸ்டிக் தட்டும் பீர் பாட்டிலும் சேராதா?' என்று ஒரு நண்பர் மடக்கினார். சேரும். சுண்ணாம்பாறு படகுத்துறையில் ஞாயிற்றுக்கிழமை மாலை போய் நின்றால் அந்தப் பயம் நியாயம் என்று தெரியும். ஆனால் கூட்டம் வராத கரையில் ஊர்க் கழிவு கொட்டினால் தட்டிக் கேட்பவர் யார்? குப்பை போடுகிறவனை விரட்டலாம், அபராதம் போடலாம். பார்க்க வருகிறவனே இல்லாத ஆற்றுக்கு வைத்தியம் கிடையாது.

நான் குடியிருப்பது மேட்டுப்பாளையம். ஊட்டிக்கு ரயில் ஏறுகிற ஊர் இல்லை, பாண்டி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் லாரிகளும்தான் இங்கே அழகு. பார்க்க ஒன்றும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் வர வேண்டாம். ஆனால் பக்கத்தில் முத்திரையர்பாளையம் இருக்கிறது. பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கிற ஆயி மண்டபத்தின் முன்னால் போட்டோ எடுத்தீர்களே, அது எதற்குக் கட்டியது என்று கேட்டீர்களா? 1863 வாக்கில் முத்திரையர்பாளையத்து ஊற்று நீரை ஃபிரெஞ்சுப் பட்டணத்துக்குக் கொண்டுபோனதன் நினைவாக. ஆயி என்ற தாசி தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள் என்பது கதை. அவள் பெயரைத்தான் மண்டபத்துக்கு வைத்தார்கள். அரசு முத்திரையிலும் அந்த மண்டபம்தான். ஆக, இந்த ஊரின் அடையாளச் சின்னமே தண்ணீருக்கு வைத்த நன்றி. மண்டபத்தைப் பார்க்கிறோம், தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

அடுத்த முறை வரும்போது ஒரு நாளை மஞ்சள் சுவருக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னொரு நாளை ஆறுகளுக்கு. காலையில் வெயில் ஏறுமுன் அரிக்கமேடு. அங்கிருந்து வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் கோயில். ஆடித் தேரை ஃபிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த ஊர், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். அப்படியே கடலூர் ரோட்டைப் பிடித்து, தென்பெண்ணைப் பாலத்தில் வண்டியை ஓரம் கட்டிக் கீழே பாருங்கள். திருப்பாப்புலியூரில் பாடலீஸ்வரர். கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறி வந்து பாடிய கோயில். மதியத்துக்கு மேல் கெடிலக் கரையோடு திருவந்திபுரம். சாயங்காலம் தேவனாம்பட்டினத்தில் கோட்டைச் சுவர். செலவு பெட்ரோல், இரண்டு வேளைச் சாப்பாடு. ரிசார்ட் வாடகையில் கால்வாசி ஆகாது.

ஒரு உபகாரமும் செய்யுங்கள். தங்குகிற லாட்ஜ் வரவேற்பில், 'அரிக்கமேட்டுக்கு எப்படிப் போகணும்?' என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை, ஆட்டோக்காரரிடமும் கேளுங்கள், சுற்றுலாத் துறை அலுவலகத்திலும் கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை 100 பேர் கேட்டால் அடுத்த மாசம் லாட்ஜ்காரர் வழி தெரிந்துவைத்துக்கொள்வார். 1,000 பேர் கேட்டால் சாலை முனையில் ஒழுங்காக ஒரு போர்டு வரும். போர்டு வந்தால் காவலுக்கு ஆள் வரும். பிறகு ஆற்றில் யாராவது கழிவு லாரியைக் கவிழ்த்தால், பார்க்க நாலு கண் இருக்கும்.