ஒழுகும் இடம் எது?

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் வீட்டு முற்றத்திலே காலைதோறும் ஒரு கறுப்புப் பொட்டைக் காணலாம். இங்கிலாந்தில் 1950களிற் செய்யப்பட்ட என் வண்டியும் இதற்கு விலக்கன்று. முற்றத்தைக் கழுவிவிடலாம்; பின்சக்கர ரயரில் எண்ணெய் பட்டாலோ வளைவிலே சறுக்கி விழ நேரும். ஆதலாற் சிலிண்டரின் அடிக் கஸ்கெற்றை இருமுறை மாற்றினேன். ஒழுக்கு நிற்கவில்லை.

எண்ணெய் சொட்டும் இடத்திலேதான் கசிகிறது என்று எண்ணிவிடாதீர்கள். அது கீழ்நோக்கி வழியும். ஓட்டத்திற் காற்று அதனைப் பின்னே தள்ளும். எனவே இயந்திரத்தை மண்ணெண்ணெயாற் கழுவி, நன்கு உலரவிட்டு, குழந்தையின் பவுடரை மேலே தூவினேன். (அதற்காக வீட்டிலே வாங்கிய ஏச்சு வேறு கதை.) ஐந்து நிமிடம் இயக்கியதும் ஓரிடமன்று, மூன்று மூட்டுகள் ஒருங்கே நனைந்தன! மூன்று கஸ்கெற்றுகளும் ஒரே வேளையிற் கெடுமா?

பிஸ்டன் கீழிறங்குந்தோறும் கிராங்கேஸினுள்ளே காற்று நெருக்குண்ணும். அது வெளியேறுவதற்கென ஒரு மூச்சுக்குழாய் உண்டு. கழற்றிப் பார்த்தேன், பழைய எண்ணெயும் புழுதியும் இறுகி அதனை அடைத்திருந்தன. வழியற்ற காற்று எண்ணெயை மூட்டுகளிலே பிதுக்கியிருக்கிறது! ஒரு கம்பித்துண்டும் சிறிது மண்ணெண்ணெயுமே போதுமாயின.

இன்னும் ஒரு துளி விழுகிறது. அது சங்கிலிப் பெட்டியினது. மற்றொரு ஞாயிறு பார்ப்போம்.