இருளும் ஒரு செல்வம்

செல்வம் என்றவுடன் நிலமும் பொன்னும் நெல்லுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆறும் மலையும் காடும் செல்வமே என்பதையும் இந்நாளில் ஓரளவு உணர்ந்திருக்கிறோம். ஆனால், இரவின் இருளையும் செல்வம் என்று கூறினால் பலர் நகைப்பர். "இருளைப் போக்குவதன்றோ அறிவு?" என்று வினவுவர். அறியாமை என்னும் இருள் வேறு. கதிரவன் மறைந்தபின் இயற்கை விரித்துக் காட்டும் இருள் வேறு. முன்னது போக்கத் தக்கது; பின்னது காக்கத் தக்கது. அதனைக் காக்கத் தவறினால், நாம் இழப்பது சிறிதன்று.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் உண்டு. பர்மாத் தேக்கும் பளிங்கும் கொண்டு மாளிகை எழுப்பிய நம் முன்னோர், வீட்டின் நடுவிடத்தைக் கூரையிட்டு மூடிவிடவில்லை. பகலில் அதன் வழியே வெளிச்சமும் காற்றும் வரும். இரவில் விண்மீன்கள் எட்டிப் பார்க்கும். காரைக்குடியைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில், நிலவில்லாத மாசி மாதத்து முன்னிரவில் கண்மாய்க் கரைமேல் நின்று நோக்குவோமாயின், செந்நிறத் திருவாதிரையையும், கொத்தாக ஒளிரும் கார்த்திகையையும், தென்திசையில் பேரொளி வீசும் அகத்திய மீனையும் காணலாம். இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழப் பத்துப் பாகையில் அமைந்துள்ளது. ஆதலின், வடக்கே துருவ மீனும், சித்திரை வைகாசியில் தெற்கே தென்சிலுவை மீன்களும் நமக்குத் தோன்றும். வடவானம், தென்வானம் ஆகிய இரண்டையும் ஓரிடத்தில் நின்றே காணும் பேறு உலகில் எல்லா நாட்டினர்க்கும் வாய்ப்பதன்று.

இப்பேறு வானியல் அறிஞர்க்கும் பெரிதும் பயன்பட்டது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ஆம் ஆண்டிலேயே ஒரு வானாய்வகம் எழுந்தது. அங்குப் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி என்பவர், ஒளி கூடியும் குறைந்தும் மாறுகின்ற விண்மீன் ஒன்றை 1867-இல் கண்டறிந்தார். தென்வானத்தைச் சேர்ந்த அம்மீனை அவர் சென்னையிலிருந்தே கண்டார் என்பது நோக்கத் தக்கது. இன்றோ சென்னை நகரின் இரவு வானில் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். விண்மீன்கள் இடம் பெயர்ந்து போய்விடவில்லை. அவற்றைக் காட்டிய இருள்தான் போய்விட்டது.

அவ்விருளைத் தேடியே, வைணு பாப்பு என்னும் பேரறிஞர் சவ்வாது மலைக்குச் சென்றார். ஆங்குக் காவலூர் என்னும் சிற்றூரில், காட்டின் நடுவே, ஒரு வானாய்வகத்தை நிறுவினார். சிறிய தொலைநோக்கியுடன் 1968-இல் அங்குப் பணி தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி வந்தது. 1977-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10-ஆம் நாள், யுரேனசு என்னும் கோள் ஒரு மங்கிய விண்மீனை மறைக்கவிருந்தது. காவலூர் அறிஞர்கள் அதனை உற்று நோக்கியிருந்தனர். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கி, மீண்டும் ஒளிர்ந்தது. இடையே ஏதோ ஒன்று குறுக்கிட்டிருத்தல் வேண்டும். வானூர்தியில் பறந்தவாறு நோக்கிய அமெரிக்க அறிஞரும் இத்தகைய மங்கல்களைக் கண்டனர். யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்னும் உண்மை இவ்வாறு உலகிற்குத் தெரிய வந்தது.

சில நொடி மங்கல்! அவ்வளவே. பின்புலத்தில் ஊர் விளக்குகளின் ஒளி பரவியிருந்தால், அச்சிறு மாற்றம் அதில் கரைந்து போயிருத்தலும் கூடும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். கருவியைப் பெரிதாக்கினால் இக்குறை தீராதோ? பாப்பு மறைந்தபின், 1986-இல், 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி காவலூரில் நாட்டிற்கு அளிக்கப்பட்டது. நம் நாட்டிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட அதற்கும், அவ்வானாய்வகத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. இருளில் விரிந்த நம் கண்மணியைவிட ஒரு லட்சம் மடங்கிற்கு மேல் ஒளியைத் திரட்டும் ஆற்றல் அதற்குண்டு. ஆயினும், விண்மீனின் ஒளியைத் திரட்டும் அதே கண்ணாடி, வானில் பரவிய விளக்கொளியையும் சேர்த்தே திரட்டும். கருவி எவ்வளவு பெரிதாயினும், இழந்த இருளை அது படைத்துத் தர இயலாது. உலகின் பெருந் தொலைநோக்கிகள் சிலி நாட்டுப் பாலைவன மலைகளையும், நம் நாட்டில் இலடாக்கின் 4,500 மீட்டர் உயர ஆன்லே என்னும் இடத்தையும் நாடிச் சென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

"இரவில் விளக்கின்றி வாழ்வது எங்ஙனம்? பாம்பும் திருடரும் உலவும் தெருவில் ஒளி வேண்டாவோ?" என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. விளக்கை வெறுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. ஒளி வேண்டுவது நடப்பவர் காலடியில், வானத்தில் அன்று. மேலே மூடியிட்டு ஒளியைக் கீழ்நோக்கிச் செலுத்தும் விளக்கு, தெருவை நன்கு காட்டும். கண்ணையும் கூசச் செய்யாது. வானுக்கு வீணாகும் ஒளி, நாம் பொருள் கொடுத்து வாங்கிய மின்சாரமே அன்றோ? பொழுது விடியும் வரை ஆளில்லாத இடத்தில் எரியும் அலங்கார விளக்கால் யாருக்கு என்ன பயன்?

செய்ய இயலாத ஒன்றை நாம் கூறவில்லை. ஆன்லேயைச் சூழ்ந்த பகுதி 2022-இல் இருள்வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆங்குள்ள ஊரார் விளக்குகளை மறைத்தும் குறைத்தும் ஒத்துழைக்கின்றனர். அவர்களுள் சிலர் தொலைநோக்கி பெற்று, வருவோர்க்கு வானத்தைக் காட்டி வருவாயும் ஈட்டுகின்றனர். இருள் அவர்கட்குச் செல்வமாகவே விளங்குகிறது.

காரைக்குடி அறிவியலுக்குக் கொடுத்துப் பழகிய ஊர். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கு அமைவதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். அது 1953-இல் திறக்கப்பெற்றது. இன்று இருள் கேட்கும் கொடை அத்துணைப் பெரிதன்று. விளக்கிற்கு ஒரு மூடி. வேண்டாதபோது அதனை அணைக்க ஒரு கை. இவையே போதும்.

மாணவர்களே! நிலவில்லாத ஓர் இரவில் கார்த்திகைக் கூட்டத்தை நோக்குங்கள். ஊர் நடுவே நின்று எத்தனை மீன்களை எண்ண முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர்ப் பெரியவர் துணையுடன் ஊருக்கு வெளியே விளக்கொளி படாத இடத்திற்குச் சென்று மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடே நாம் இழந்துகொண்டிருக்கும் செல்வத்தின் அளவு. அதனை மேலும் இழவாமல் காப்பது உங்கள் கையில் உள்ளது.