எழுத்துரு மாற்றமும் நம் ஏடுகளும்

திருப்புல்லாணிக்கு அணித்தேயுள்ள கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816-1898) அரபுத் தமிழில் நூல்கள் யாத்தவர். ழகரமும் ளகரமும் அரபியில் இல்லாமையால், அரபு எழுத்துகளிலேயே குறிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். எழுதியவர்க்கும் படித்தவர்க்கும் அம்முறை பொதுவாயிருந்தது. இன்று அதனைப் படிப்போர் அருகிவிட்டனர். நூல்கள் இருந்தும் பலர்க்கு அவை இல்லாதனவே.

நம் காலத்துக் கணிப்பொறி ஏடுகளுக்கும் அந்நிலை நேருமோ என அஞ்சுகிறோம். 1990களில் நிறுவனந்தோறும் ஓர் எழுத்துரு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் தட்டச்சிட்ட ஆய்வேடுகளும் மலர்களும் பழைய எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன.

மென்பொருள் மாற்றித் தருமே என்பர். தரும், ஆயின் பாமினியை எடுத்துக்கொள்வோம். அதில் தமிழெழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்துள்ளன. அரைப்புள்ளியின் இடமே மெய்யெழுத்தின் புள்ளி. சதுர அடைப்புக்குறிகளின் இடமே ஜகரமும் ஸகரமும். கோப்பு முழுவதையும் ஒருசேர மாற்றினால், ஆங்கில அடிக்குறிப்பின் அடைப்புக்குறிகள் ஜகர ஸகரங்களாகிவிடும். மேற்கோள் நூற்பெயர்களோ பொருளற்ற எழுத்துக் குவியலாகும். கொம்பின் கதை வேறு. பழைய எழுத்துருவில் அது மெய்க்கு முன் நிற்கும். ஒருங்குறியில் பின்னர்ப் பதிவாகும். பி.டி.எஃப். கோப்பிலிருந்து எடுத்த பனுவலில் கொம்பு தனித்து நிற்பது இதனாலேயே. (மென்பொருளாளர் எம்மீது சினவாதிருப்பாராக!)

கவிதையில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் சுவை கெடும். நபிமொழியில் பிறழ்ந்தால் பொருளே மாறக்கூடும். மார்க்க நூல்களிலும் இசுலாமியத் தமிழ் ஆய்வுகளிலும் அரபுச் சொற்கள் மிகுதி. ஜ, ஷ, ஸ, ஹ இல்லாத பக்கம் அரிது. எனவே மாற்றிய கோப்பை அவ்வாறே அச்சுக்கு அனுப்புதல் தகாது என்பதே எம் கருத்து.

சீறாப்புராணத்திற்குப் பதிப்புகள் பல உண்டு. அதைப் பற்றிக் கவலையில்லை. பெரியபட்டினத்துத் தாலாட்டுகளை ஒரு மாணவி தொகுத்து எம்.பில். ஆய்வேடாக்கியிருந்தால், அதற்கு இரண்டாம் படி எங்கே? இத்தகையவற்றையே துறைகள் முதலில் கையிலெடுக்க வேண்டும். மூலக்கோப்பையும் அதன் எழுத்துருவையும் அழிக்காது வைத்து, தமிழ்ப் பகுதியை மட்டும் பிரித்து மாற்றுக. பின்னர் மாணாக்கர் இருவருள் ஒருவர் அச்சுப்படியை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் திரையில் ஒப்புநோக்குக. தேர்வு முடிந்த விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்கலாம்.